பொருள்: ஃப்ரீஸ் - உறைநிலையா, முடக்கமா, மாற்றத்தடையா?

வணக்கம். மென்பொருள் வெளியீட்டுக்கு முன் குறிப்பிட்ட வகை மாற்றங்களை மட்டும் நிறுத்திவைப்பதை ஆங்கிலத்தில் ‘ஃப்ரீஸ்’ என்கிறார்கள். அதற்கு நம் சொற்பட்டியலில் என்ன சொல் வைப்பது என்ற பேச்சில் வந்த யோசனைக்கு இது பதில்.

> ‘உறைநிலை’ என்று வைத்துவிடலாமே. பள்ளியிலேயே எல்லோரும் படித்த சொல்தானே?

எல்லோரும் படித்ததால்தான் தயங்குகிறேன். உறைநிலை என்றதும் 0 டிகிரியில் நீர் உறைவது நினைவுக்கு வரும். சுருக்கி ‘உறைவு’ என்றால், மருத்துவமனையைச் சுற்றியே பாதி ஊர் பிழைக்கிற வேலூரில் அதை இரத்த உறைவு என்றே படிப்பார்கள்.

‘முடக்கம்’ எனக்கு அறவே வேண்டாம். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில், ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலைக்குச் சரக்கிருப்பு மென்பொருள் எழுதிக் கொடுத்தோம். ரிலீஸுக்கு முன் ‘திங்கள் முதல் மென்பொருள் முடக்கம்’ என்று அலுவலகத்திலிருந்து அறிவிப்புப் போயிற்று. கணக்குப் பிரிவில் பதறிப்போய், திங்களன்று பில் போட முடியாது என்று லாரியை நிறுத்திவிட்டார்கள். வங்கிக் கணக்கு முடக்கம், இணையம் முடக்கம் என்று செய்தியில் படிக்கிறவர்கள் வேறு எப்படிப் புரிந்துகொள்வார்கள்?

ஃப்ரீஸ் காலத்தில் வேலை எதுவும் நிற்பதில்லை என்பதைச் சொல் காட்டியாக வேண்டும். பயனர் வேலை வழக்கம்போல நடக்கும். பிழைதிருத்தமும் நடக்கும், சொல்லப்போனால் அப்போதுதான் மும்முரமாக நடக்கும். ஒரு வகை மாற்றத்துக்கு மட்டும் கதவு சாத்தப்படுகிறது. டெபியன் என்ற இயங்குதளத்தில் அந்தக் கதவைக் கட்டம் கட்டமாகச் சாத்துகிறார்கள்: முதலில் பல பொதிகளை (மென்பொருள் பேக்கேஜ்களை) ஒருசேரப் பாதிக்கும் பெரிய மாற்றங்கள் நிற்கும், அப்புறம் புதுப் பொதிகள் நிற்கும், கடைசியில் தேர்ந்தெடுத்த திருத்தங்கள் மட்டுமே உள்ளே போகும். டெபியன் 13-க்கு 2025 மார்ச்சில் தொடங்கிய இந்த வேலை ஆகஸ்ட் 9 அன்று வெளியீட்டில் முடிந்தது.

மொழிபெயர்ப்பவர்களான நமக்கு முக்கியமானது ஸ்ட்ரிங் ஃப்ரீஸ். திரையில் வரும் வாசகங்களை இனி மாற்றமாட்டோம் என்று உருவாக்குநர்கள் தரும் வாக்கு அது. அதன் பிறகு ஒரு வாசகத்தை ஆங்கிலத்தில் திருத்தினாலும் தமிழ்ப் பெயர்ப்பு பொருந்தாமல் போய், அந்த இடத்தில் ஆங்கிலமே தெரியும். உபுண்டு இயங்குதளத்தின் 6.06 வெளியீட்டை 2006 ஏப்ரலிலிருந்து ஜூனுக்குத் தள்ளியபோது, சொன்ன காரணங்களில் மொழியாக்கத்துக்கு அவகாசம் தருவதும் ஒன்று. அந்த அளவுக்கு இது பெரிய விஷயம்.

குடியாத்தத்து நண்பர் சொன்ன ‘காப்பு’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஊரில் புதுக் காரியம் தொடங்கமாட்டார்கள், வெளியூரில் தங்கமாட்டார்கள். அன்றாடப் பிழைப்பு மட்டும் நடக்கும். நாள் முன்கூட்டியே தெரியும், முடியும் நாளும் தெரியும். கருத்து அப்படியே பொருந்துகிறது. ஆனால் காப்புநகல், காப்புரிமை, காப்பீடு என்று கணினிக்காரர் காதில் ஏற்கெனவே கூட்டம் அதிகம். ‘காப்புக் காலம்’ என்றால் வாரண்டி என்று நினைப்பவர்களும் இருப்பார்கள். மனமில்லாமல்தான் விடுகிறேன்.

ஆகவே ‘மாற்றத்தடை’. எதற்குத் தடை என்பதை முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்: ஃபீச்சர் ஃப்ரீஸ் ‘புதுவசதித் தடை’, ஸ்ட்ரிங் ஃப்ரீஸ் ‘வாசகமாற்றத் தடை’, கோட் ஃப்ரீஸ் ‘நிரல்மாற்றத் தடை’. ‘உரைத்தடை’ என்று குறுக்க ஆசைதான், ஆனால் அவசரத்தில் ‘உரைநடை’ என்று கண் படித்துவிடும்.

அறிவிப்பில் வைத்துப் பார்த்தேன்: “ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் நாள்களான 11, 20 தேதிகளை ஒட்டிப் பில்லிங் மென்பொருளில் மாற்றத்தடை இருக்கும். பில் போடுவதில் மாற்றமில்லை. அவசரப் பிழைதிருத்தம் மட்டும் ஏற்கப்படும்.” கடைக்காரருக்கும் புரிகிறது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிலீஸ் போடத் துடிக்கும் டெவலப்பருக்கும் புரிகிறது.

இறுதி வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பான ரிலீஸ் கேண்டிடேட்டுக்கு ‘வெளியீட்டு வேட்பாளர்’ என்று யாரோ விக்கியில் ஏற்றியிருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அது தேர்தலுக்குப் போகட்டும். ஸ்ட்ரிங் என்பதற்கு ‘வாசகம்’, ‘சரம்’ இரண்டில் எது என்று மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், சொற்பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
காட்பாடியிலிருந்து