சூடோமோனாஸ்: கால்சியம் இருந்தால் எக்ஸோ-எஸ் செல்லுக்குள்ளும் ஏன் இல்லை?

ஜெல்_பாலா: சூடோமோனாஸ் எருஜினோசா பாக்டீரியா, பிஏஓ1 வகை, எல்பி ஊடகத்தில் 37 டிகிரி. எக்ஸோ-எஸ் என்ற நச்சுப்புரதத்தை இது ஊசி போன்ற ஓர் அமைப்பின் வழியாக வெளியேற்றும். ஈஜிடிஏ போட்டுக் கால்சியத்தைக் கட்டிவிட்டால் சூப்பர்நேட்டன்ட்டில் (செல்களை நீக்கிய திரவம்) எக்ஸோ-எஸ் பளிச்சென்று தெரிகிறது. போடாவிட்டால் ஒன்றுமே இல்லை. சரி, ஊசி வாசல் மூடியிருக்கிறது, சரக்கு உள்ளே தேங்கியிருக்கும் என்று பெல்லட்டையும் (அடியில் படிந்த செல்கள்) பிளாட் செய்து புரதத்தைத் தேடினேன். அங்கேயும் மங்கல்தான். ஊசியே கட்ட முடியாத பிஎஸ்சி-சி மியூட்டன்ட்டில் ஈஜிடிஏ போட்டாலும் இதே கதை. புரதம் எங்கே போகிறது?

அகார்: சிதைந்திருக்கும். புரோட்டியேஸ் தடுப்பான் போட்டீர்களா?

லேப்_அக்கா: தடுப்பானை வீணாக்காதே தம்பி. புரதம் எங்கேயும் போகவில்லை, அதிகம் உருவாகவே இல்லை.

எக்ஸோ-எஸ், ஊசி இவற்றுக்கான ஜீன்களை எழுப்புவது எக்ஸ்எஸ்-ஏ என்ற புரதம். அதை எக்ஸ்எஸ்-டி என்ற இன்னொரு புரதம் பிடித்து அமுக்கி வைத்திருக்கும். டியை விலக்கக்கூடிய ஆள் எக்ஸ்எஸ்-சி, ஆனால் அதோடு எக்ஸ்எஸ்-இ என்ற குட்டிப் புரதம் ஒட்டிக்கொண்டிருக்கும். குசும்பு இங்கேதான்: இந்த எக்ஸ்எஸ்-இ, ஊசி வழியாக வெளியேறும் சரக்குகளில் ஒன்று. வாசல் திறந்ததும் அது ஓடிவிடும். தனியான சி போய் டியைப் பிடிக்கும், ஏ விடுபடும், உற்பத்தி எகிறும். வாசல் மூடியிருந்தாலும், உன் மியூட்டன்ட் போல ஊசியே இல்லாவிட்டாலும், இ உள்ளேயே கிடந்து சியைப் பிடித்துக்கொள்ளும், உற்பத்தி அடங்கியே இருக்கும். தனியாக ஒரு சென்ஸார்கூடத் தேவைப்படவில்லை பார்! பெல்லட்டில் தெரிந்த அந்த மங்கல் அடிப்படை அளவு.

கசையிழை: சால்மொனெல்லா பாக்டீரியா நீந்தப் பயன்படுத்தும் கசையிழையிலும் இதே உத்திதான். கொக்கிப் பகுதி கட்டி முடிந்ததும் எஃப்எல்ஜி-எம் என்ற புரதம் அதன் வழியாக வெளியேறும். அது அடக்கி வைத்திருந்த சிக்மா-28 புரதம் விடுபட்டு, இழைப் புரதத்துக்கான ஜீன்களை இயக்கும். 1993இலேயே காட்டிவிட்டார்கள்.

ஜெல்_பாலா: அப்போ எக்ஸ்எஸ்-இயை நீக்கிவிட்டால்?

லேப்_அக்கா: கால்சியம் இருந்தாலும் உற்பத்தி நடக்கும், வாசல் மட்டும் திறக்காது. நீ தேடிய பட்டை அந்த பெல்லட்டில் கிடைக்கும். வாசலைக் காப்பது பாப்-என் என்ற புரதம். அதை நீக்கினால் கால்சியம் இருந்தும் வெளியே கொட்டும். இரண்டு மியூட்டன்ட்டையும் ஒரே ஜெல்லில் பக்கத்துப் பக்கத்து லேனில் ஓட்டு. அப்புறம், ஈஜிடிஏ நம்முடைய ஆய்வக வித்தைதான். உடம்புக்குள் வாசலைத் திறப்பது பாக்டீரியா நம் உடல் செல்லைத் தொடும் அந்தத் தொடுகை. அதை எழுதும்போது மறக்காதே, வைவாவில் கட்டாயம் கேட்பார்கள்.