பெரிய வீடு, பாப்பிரெட்டிப்பட்டி (குடும்பக் குழு)

செவ்வாய், இரவு

முருகேசன்: நம்ம தினேஷ், நித்யா கல்யாணத்துக்குத் தை 20 முகூர்த்தம் நல்லா அமைஞ்சிருக்குன்னு ஜோசியர் சொல்லிட்டார். மண்டபத்துக்கு ஞாயித்துக்கிழமைக்குள்ள அட்வான்ஸ் கட்டணும். ராஜி, சரவணா, பதில் போடுங்க.

ராஜி: சரிங்கண்ணா

சரவணன்: எனக்கு ஓகேண்ணா. சமையலுக்கு அந்த அரூர் ஆளு வேண்டாம். போன தடவை ரசம் பத்தல

மாலா: அட்வான்ஸ் கட்டறதுக்கு முன்னாடி தினேஷுக்கும் நித்யாவுக்கும் ரத்தம் பாத்துடுங்க அத்தை

தினேஷ்: பாத்தாச்சே. நான் ஓ பாசிட்டிவ், நித்யா பி பாசிட்டிவ்

மாலா: அது குரூப். நான் சொல்றது என் கிருபாவுக்கு இருக்கற தலசீமியாவை, அந்தப் பரம்பரை ரத்த நோயை

முருகேசன்: அதை ஏம்மா இப்ப எடுக்கற? அது நம்ம வம்சத்துல கிடையாது. உங்கம்மா வழியில வந்தது.

மாலா: அம்மாவுக்கும் டெஸ்ட் எடுக்கல, உங்களுக்கும் எடுக்கல. எப்படிப்பா தெரியும்?

ராஜி: அண்ணி பாவம், எட்டு வருஷமா இந்தப் பேச்சையே கேட்டுட்டு இருக்காங்க

சரவணன்: 🙏

பிரபா: இப்பதான் லேப்ல இருந்து வெளிய வந்தேன். அப்பா, இதை முழுசா படிங்க. கிருபாவோட டி.என்.ஏ. ரிப்போர்ட்ல, ஹீமோகுளோபின் செய்யற பீட்டா குளோபின் ஜீன்ல ரெண்டு மாற்றம் எழுதியிருக்கு. ஒண்ணு ஐ.வி.எஸ். 1-5ங்கற இடம், டி.என்.ஏ.வுல ஜிங்கற எழுத்து இருக்க வேண்டிய இடத்துல சி. இன்னொண்ணு கோடான் 41/42ங்கற இடம், அங்க நாலு எழுத்தே காணோம். முதலாவது மாலா அக்காகிட்ட இருந்து, இன்னொண்ணு அவ வீட்டுக்காரர்கிட்ட இருந்து. அக்காவுக்கு உங்ககிட்ட இருந்தோ அம்மாகிட்ட இருந்தோதான் வந்திருக்கணும். உங்க பக்கம்னா சித்தப்பாவுக்கும் ராஜி அத்தைக்கும் ஆளுக்கு 50 சதவீதம் வாய்ப்பு உண்டு. அவங்க ரெண்டு பேர்கிட்டயும் இருந்தா சித்தப்பா பொண்ணு நித்யாவுக்கும் அத்தை பையன் தினேஷுக்கும் அதே மாற்றம் இறங்கியிருக்கலாம். ரெண்டு பேரும் கேரியர்னா, அதாவது ஜீனோட ரெண்டு பிரதியில ஒண்ணுல மட்டும் மாற்றம் இருக்கறவங்கன்னா, ஒவ்வொரு கர்ப்பத்துலயும் கிருபா மாதிரி குழந்தை பிறக்க 25 சதவீதம். முதல் குழந்தை நல்லா பிறந்தாலும் அடுத்ததுக்கு அதே 25தான்.

தினேஷ்: அப்ப ஒருத்தருக்கு மட்டும் இருந்தா?

பிரபா: கல்யாணத்துக்கு ஒரு தடையும் இல்ல மாப்ள. குழந்தை கேரியரா பிறக்கலாம், அவ்வளவுதான். கேரியர்ங்கறது நோய் இல்ல. அக்காவே கேரியர்தான், தினமும் வயலுக்குப் போய்ட்டு வர்றா.

முருகேசன்: ரெண்டு பேருக்கும் இருந்துட்டா கல்யாணத்தை நிறுத்துன்னு சொல்லுவியா?

பிரபா: இல்லப்பா. அப்பவும் வழி இருக்கு, சொல்றேன். தெரியாம கட்டக்கூடாது, அதுக்குத்தான் கேக்கறேன்.

ராஜி: மண்டபத்துக்கு வேற யாரும் கேக்கறாங்களாண்ணா? ரெண்டு நாள் டைம் கேளுங்களேன்

முருகேசன்: தை மாசம்மா. வரிசையில நிக்கறாங்க.

தினேஷ்: மச்சான், உங்க லேப்லயே டி.என்.ஏ. சீக்வென்ஸ் பண்றீங்களே, எழுத்து எழுத்தா படிக்கறது. நேரா அதையே போட்டுட்டா என்ன? செலவும் மிச்சம்

பிரபா: கூடாது. நம்மளது ஆராய்ச்சி லேப். மாணவங்க சுத்தம் பண்ணின பி.சி.ஆர். பொருளும் (பெருக்கின டி.என்.ஏ. துண்டு) ப்ரைமரும் (படிக்க ஆரம்பிக்கற இடத்துல ஒட்டற சின்னத் துண்டு) அனுப்புவாங்க. மெஷின்ல ஓட்டி, எழுத்துக்கு ஒரு முகடா கிராஃப் வர்ற ஏ.பி.1 ஃபைலைக் குடுத்துடுவோம், அதுக்கு அர்த்தம் அவங்க பாத்துக்கணும். பழைய ப்ரைமரைச் சரியா கழுவாம அனுப்பினா ரெண்டு திசையும் கலந்து ஓடி, கிராஃப்ல எங்க பாத்தாலும் ரெட்டை முகடு வரும். அதைப் பாத்து ஒருத்தனைக் கேரியர்னு சொல்லிட்டா? ஆராய்ச்சின்னா திரும்ப ஓட்டிக்கலாம். கல்யாணத்துக்கு அப்படி முடியாது. என்.ஏ.பி.எல். (லேப் தரத்தைச் சோதிக்கற அமைப்பு) அங்கீகாரம் இருக்கற, டாக்டர் கையெழுத்து போடற ஜெனிடிக்ஸ் லேப்தான் வேணும். வேலூர் சி.எம்.சி.யிலயும் பாக்கறாங்க.

கவிதா: பிரபா சொல்றது சரி. ஆனா டி.என்.ஏ. இப்ப வேண்டாம். முதல்ல சி.பி.சி.யும் (ரத்த அணு எண்ணிக்கை) ஹெச்.பி.எல்.சி.யும். ரெண்டே நாள்ல தெரிஞ்சுடும்

பிரபா: ஆமா கவிதா அண்ணி, அதைத்தான் எழுத வந்தேன்

சரவணன்: ஹெச்.பி.எல்.சி.ன்னா?

கவிதா: ரத்தத்துல எந்த ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்குன்னு பிரிச்சுக் காட்டும் மாமா. அதுல ஏ2ன்னு ஒரு நம்பர் பாக்கணும். 4 சதவீதத்துக்கு மேல போனா கேரியர். 3.5க்கும் 4க்கும் நடுவுல நின்னா சந்தேகம். சி.பி.சி.யில எம்.சி.வி. (சிவப்பணுவோட சராசரி அளவு) 80க்குக் கீழ, எம்.சி.எச். (ஒரு சிவப்பணுவுல இருக்கற ஹீமோகுளோபின்) 27க்குக் கீழ இருக்கான்னும் சேத்துப் பாக்கணும்

கவிதா: நித்யா, ஹீமோகுளோபின் கம்மின்னு மாத்திரை போட்டியே, இன்னும் போடறியா?

நித்யா: நிறுத்திட்டேன் அண்ணி. ஒரு மாசம்தான் போட்டேன்

கவிதா: அப்ப ஃபெரிட்டினும் (உடம்புல இரும்பு இருப்பைக் காட்டற டெஸ்ட்) சேத்து எழுதிக்கோ. இரும்புச் சத்து கம்மியா இருந்தா ஏ2 கொஞ்சம் இறங்கிக் காட்டும். கேரியரா இருந்தும் நார்மல்னு வந்துடும்

சரவணன்: தினமும் பீட்ரூட் ஜூஸ் குடிச்சா ரத்தம் ஊறும்னு ஒரு வீடியோ வந்துச்சு, அனுப்பவா

நித்யா: அப்பா ப்ளீஸ்

பிரபா: கேரியருக்கு எம்.சி.வி. குறையறது இரும்பால இல்ல சித்தப்பா. ஃபெரிட்டின் பாக்காம சும்மா மாத்திரை போடக்கூடாது. இன்னொண்ணு. அபூர்வமா ஏ2 சரியா வந்தும் எம்.சி.வி. குறைவாவே நிக்கும், இரும்பும் சரியா இருக்கும். அப்ப மட்டும் ஒருத்தருக்கே டி.என்.ஏ. பாக்கணும்.

தினேஷ்: ரெண்டு பேருக்கும் 4க்கு மேல வந்தா?

பிரபா: அப்ப ரெண்டு பேருக்கும் டி.என்.ஏ. பீட்டா குளோபின் ஜீன் சின்னது, 11ஆம் குரோமோசோம்ல சுமார் 1,600 எழுத்து, மூணு எக்ஸான் (புரதத்துக்கான குறிப்பு இருக்கற பகுதி). இந்தியாவுல அடிக்கடி வர்றது அஞ்சு மாற்றம்: ஐ.வி.எஸ். 1-5, ஐ.வி.எஸ். 1-1, கோடான் 8/9, கோடான் 41/42, அப்புறம் 619 எழுத்து மொத்தமா விடுபடறது. முதல்ல இந்த அஞ்சை மட்டும் பாப்பாங்க, இல்லன்னா ஜீனை முழுசா படிப்பாங்க. ஐ.வி.எஸ். 1-5 கேரியர்னா கிராஃப்ல அந்த ஒரே இடத்துல ஜியோட கருப்பு முகடும் சியோட நீல முகடும் பாதிப் பாதி உயரத்துல ஒண்ணு மேல ஒண்ணு நிக்கும். 41/42 அப்படி இல்ல. நாலு எழுத்து போனதால அந்த இடத்துல இருந்து கடைசி வரைக்கும் ரெண்டு வரிசையும் தள்ளித் தள்ளி ஏறிக்கும், படிக்கவே முடியாது. அதனால எதிர்ப்பக்கத்துல இருந்தும் ஒரு தடவை ஓட்டணும். 619 இருக்கே, அது சீக்வென்ஸ்ல தெரியவே தெரியாது. ப்ரைமர் ஒட்டற இடமே அந்தப் பிரதியில இருக்காது. நல்ல பிரதி மட்டும் பெருகும், ரிப்போர்ட் சுத்தமா வரும். அதுக்கு கேப் பி.சி.ஆர். (விடுபட்ட இடத்தோட ரெண்டு பக்கத்துல இருந்தும் பெருக்கிப் பாக்கறது) தனியா போடணும். ஃபார்ம்ல கேட்டு எழுதிக்குங்க.

சரவணன்: கிருபாவோடது தெரியுமே. அதை மட்டும் பாத்தா போதாதா

பிரபா: நித்யாவுக்கு அதுல ஆரம்பிக்கலாம். தினேஷுக்கு அவங்கப்பா வழியில வேற மாற்றம் வந்திருக்கலாம் சித்தப்பா. கிருபா ரிப்போர்ட் நகல், ஹெச்.பி.எல்.சி. தாள், யார் யாருக்கு என்ன உறவுன்னு ஒரு படம், மூணையும் ஃபார்மோட வைக்கணும்.

ராஜி: அவங்கப்பா வழியா?? சேலத்து மாமியார் காதுல விழுந்தா அவ்ளோதான்

முருகேசன்: பாத்தியா. எல்லாம் அந்தப் பக்கம்.

மாலா: அப்பா.

புதன், காலை

கவிதா: ரத்தம் நான் எடுக்கறேன். ஊதா மூடி இ.டி.டி.ஏ. (ரத்தம் உறையாம வைக்கற மருந்து) ட்யூப், ஆளுக்கு ரெண்டு, 3 மில்லி. பச்சை மூடி வேண்டாம், அதுல ஹெப்பாரின்னு வேற உறைதடுப்பு மருந்து, பி.சி.ஆரைக் கெடுக்கும். எடுத்ததும் எட்டு பத்து தடவை மெதுவா கவுத்துக் கவுத்து எடுக்கணும். குலுக்கினா செல் உடையும், கவுக்காம விட்டா கட்டி தட்டும்

பிரபா: பேர், வயசு, தேதி ட்யூப் மேலயே எழுதுங்க அண்ணி. மூடியில எழுதினா திறக்கறப்ப மாறிடும். ஃப்ரீசர்ல வைக்காதீங்க, சாதா ஃப்ரிட்ஜ் போதும். சனிக்கிழமை எடுத்தா கூரியர்ல ஞாயிறு முழுக்கக் கிடக்கும்.

கவிதா: அதான் இன்னிக்கே எடுத்துடலாம்னு. சாயங்காலம் 5 மணிக்கு வாங்க

தினேஷ்: பெர்மிஷன் போட்டுட்டு வர்றேன்

நித்யா: நானும்

ராஜி: பிரபா, ரெண்டு பேருக்கும் இருந்தா வழி இருக்குன்னியே, அதை முடிக்கவே இல்ல

பிரபா: ஆமா அத்தை. ரெண்டு பேருக்கும் இருக்கற மாற்றம் என்னன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, கர்ப்பமான 11ஆவது வாரத்துல நஞ்சுக்கொடித் திசு கொஞ்சம் எடுத்து குழந்தைக்கு என்ன வந்திருக்குன்னு பாத்துடலாம். அதுல தாயோட திசு கலந்துட்டா தப்பா வரும், அதனால தாயோட ரத்தத்தையும் வெச்சு ஒப்பிட்டுப் பாப்பாங்க. டி.என்.ஏ. ரிப்போர்ட் வர ரெண்டு மூணு வாரம் ஆகும். கர்ப்பமான பிறகு ஓடினா நாள் பத்தாது.

மாலா: எனக்கு யாரும் இதைச் சொல்லல

மாலா: நாளைக்கு கிருபாவுக்கு ரத்தம் ஏத்தற நாள். மூணு வாரத்துக்கு ஒரு தடவை. நானும் வார்டுலதான் இருப்பேன், போன் எடுக்கலைன்னா கோவிச்சுக்காதீங்க

ராஜி: நான் கூட வர்றேன்டா மாலா

சரவணன்: அண்ணா, மண்டபக்காரன்கிட்ட நான் பேசட்டுமா? வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் வந்துடும்ங்கறாங்க

சரவணன்: சமையலுக்கு ஊத்தங்கரையில ஒருத்தர் இருக்கார், நம்பர் இருக்கு

ராஜி: அவரு இட்லி கல்லு மாதிரி போடுவாரு

மாலா: அப்பா, அம்மாவையும் கூட்டிட்டு 5 மணிக்குப் போறீங்களா?

தினேஷ்: ஊத்தங்கரை வேண்டாம் மாமா, தருமபுரியிலயே பாக்கலாம்

முருகேசன்: கவிதா, ரத்தம் எடுக்க வெறும் வயித்துலயா வரணும்?

கவிதா: இல்ல பெரிய மாமா, சாப்பிட்டே வாங்க