கதிர்வீச்சா, அறுவையா: ஒரு நொதியை நம்பி முடிவெடுக்கலாமா?

கதிர்மதி:
தசை அடுக்கு வரை ஊடுருவிய சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குப் பையை அகற்றுவது ஒரு வழி. கட்டியைச் சுரண்டி எடுத்தபின் கதிர்வீச்சும் மருந்தும் கொடுத்துப் பையைக் காப்பது மற்றொரு வழி. யாருக்கு எது பொருந்தும் என்பதை எம்ஆர்இ11 என்ற நொதியின் அளவைக் கொண்டு அறியலாம் என்பது என் கருத்து. டிஎன்ஏவின் இரு இழைகளும் ஒருசேர அறுபடும்போது அதைச் சீர்செய்யும் பணியில் முதலில் இறங்குவது இந்நொதி. கதிர்வீச்சு உண்டாக்கும் முக்கியச் சேதமும் அதுவே. இங்கிலாந்தின் லீட்ஸ் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட முடிவின்படி, கதிர்வீச்சு பெற்றவர்களில் இந்நொதி மிகுந்திருந்தோருள் 68.7 விழுக்காட்டினர் மூன்றாண்டுகள் வரை இப்புற்றுநோயால் இறக்கவில்லை. குறைந்திருந்தோருள் அது 43.1 விழுக்காடுதான். பை அகற்றப்பட்டவர்களிடம் இத்தகைய வேறுபாடு காணப்படவில்லை.

நுண்ணோக்கி:
அந்த ஆய்வை நானும் மதிக்கிறேன். ஆனால் சீர்செய்யும் நொதி குறைந்த கட்டி கதிர்வீச்சில் எளிதாக மடிய வேண்டுமே. கிடைத்த முடிவு நேர்மாறாக இருப்பதற்கு இன்னும் தெளிவான விளக்கம் இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல் அளவீட்டில் இருக்கிறது. சுரண்டி எடுத்த துணுக்குகளின் ஓரங்கள் மின்சூட்டில் கருகியிருக்கும்; நொதி இருக்கும் இடத்தைப் பழுப்பாக்கும் சாயத்தை ஏற்றி, அவற்றில் எத்தனை உட்கருக்கள் பழுப்பாயின, எவ்வளவு அடர்த்தியாக என்று கண்ணால் பார்த்து மதிப்பெண் இடுகிறோம். அதே ஆய்வுக் குழுவினர் உள்ளிட்டோர் இரண்டு பெரிய சிகிச்சைப் பரிசோதனைகளின் திசுக்களில் இச்சோதனையை மீண்டும் செய்து 2019இல் வெளியிட்டபோது, சாயமேற்றம் ஒரே சீராக அமையவில்லை. முன்பு கண்ட தொடர்பும் கிடைக்கவில்லை. தம் கண்டுபிடிப்பையே மறுக்கும் முடிவை மறைக்காமல் வெளியிட்டது பாராட்டத்தக்கது. இத்தகைய சோதனையை நம்பி ஒருவருடைய உறுப்பை அகற்றச் சொல்ல என்னால் இயலாது.

கதிர்மதி:
அளக்கும் முறை தவறியதால் நொதியே பயனற்றது என்று ஆகிவிடாது. பையைக் காக்கும் சிகிச்சை குறித்த அமெரிக்கப் பரிசோதனைகளின் திசுக்களைக் கொண்டு 2022இல் வெளியான ஆய்வு, கண்ணால் மதிப்பிடுவதைத் தவிர்த்து, உட்கருவைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசத்தோடு ஒப்பிட உட்கருவில் நொதி எவ்வளவு என்ற விகிதத்தைக் கணினி வழியாக அளந்தது. விகிதம் குறைந்தவர்களிடையே இப்புற்றுநோயால் நேர்ந்த இறப்பு மிகுதியாக இருந்தது.

நுண்ணோக்கி:
அதில் அனைவரும் பையைக் காக்கும் சிகிச்சை பெற்றவர்களே. எனவே விகிதம் குறைந்தவர்களின் நோய் கடுமையானது என்று சொல்லலாம்; அவர்கள் அறுவைக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல அதில் ஆதாரமில்லை. நோயின் போக்கைக் காட்டும் குறியீடு வேறு, சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க உதவும் குறியீடு வேறு.

பொய்கை:
இரண்டையும் பிரித்தறிய வேண்டுமானால், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு சிகிச்சைகளுக்கும் ஒதுக்கி ஒப்பிட வேண்டும். பிரிட்டனில் ‘ஸ்பேர்’ என்ற பரிசோதனை அதற்கு முயன்று, 45 பேருக்கு மேல் சேராததால் நிறுத்தப்பட்டது. ஆகவே இப்போதைக்குக் கட்டி முழுமையாகச் சுரண்டப்பட்டதா, சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா, பையின் உட்சுவரில் மேற்பரப்புப் புற்று பரவலாக இருக்கிறதா, பை நன்றாக இயங்குகிறதா என்பவற்றைப் பார்த்தே மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். கதிர்மதி கூறும் கணினி அளவீட்டை, பை அகற்றப்பட்டவர்களின் சேமித்து வைத்த திசுக்களிலும் செய்து பார்க்கலாம். குலுக்கல் ஒப்பீட்டுக்கு அது ஈடாகாது என்றாலும், அங்கும் அதே வேறுபாடு தென்பட்டால் நுண்ணோக்கியின் ஐயம் வலுப்பெறும்.