மழைக்காலத்தில் மைக்ரோவேவ் அடுப்பில் கறிவேப்பிலையும் வற்றலும் உலர்த்தலாமா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சென்னையில் வெயிலை நம்பி மொட்டை மாடியில் எதையும் பரப்ப முடிவதில்லை. பொடிக்காகக் கறிவேப்பிலையும் புதினாவும், வற்றலுக்காக மோரில் ஊறிய மிளகாயும் மணத்தக்காளிக் காயும் உலர்த்த வேண்டியிருக்கிறது. என்னிடம் இருப்பது 800 வாட் மைக்ரோவேவ் அடுப்பு. சூடான காற்றைச் சுழலவிடும் கன்வெக்ஷன் வசதி கிடையாது. இவை அதில் சரிவர உலருமா?

பதில் 1:
இலைகளைத் தாராளமாக உலர்த்தலாம். கழுவிய ஈரம் போகத் துணியில் ஒற்றியெடுத்து, காம்பை நீக்கி, டிஷ்யூ பேப்பரின் மேல் ஒரே அடுக்காகப் பரப்பி, முதலில் 1 நிமிடமும், பின்னர் 20 அல்லது 30 விநாடிகளாகவும் வைத்து, ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்து ஆவியை வெளியேற்றிப் புரட்டிவிடுங்கள். சூடாக இருக்கும்போது இலை துவண்டுதான் தெரியும். ஆறிய பிறகு கையில் எடுத்தால் சரசரவென்று நொறுங்க வேண்டும். பசுமை நிறம், வெயிலில் காய்ந்ததைவிட நன்றாகவே நிற்கும்.

பதில் 2:
மேலே சொன்னது இலைக்கு மட்டுமே பொருந்தும். மிளகாயையும் மணத்தக்காளியையும் இதில் வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. மைக்ரோவேவ் அலைகள் காய்க்குள் இருக்கும் நீரைச் சூடாக்குகின்றனவே தவிர, வெளியேறும் ஆவியை வாரிக்கொண்டு போக அங்கே சூடான காற்றோட்டம் இல்லை. ஆகவே சதைப்பற்றுள்ள காய் உலர்வதற்கு முன்பே வெந்துவிடும். முழுக்காயாக இருந்தால் தோலுக்குள் ஆவி அடைபட்டு வெடிக்கவும் கூடும். சூடு எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பரவாததால், ஒரு மிளகாய் ஈரமாக இருக்கும்போதே பக்கத்து மிளகாய் கருகும். அந்த நெடி வீட்டில் ஒருவரையும் உட்கார விடாது! ஓரிரு நாளில் வெயில் வரும் என்றால், அதுவரை மிளகாயை உப்பு மோரிலேயே குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருங்கள். அடிக்கடி தேவைப்படும் என்றால், விசிறியுள்ள மின் உலர்த்தியை வாங்கி 60 டிகிரி செல்சியஸ் அளவில் உலர்த்துவதே முறை.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியானால் இலைகளோடு நிறுத்திக்கொள்கிறேன். அடுப்புக்குள் ஒரு குவளைத் தண்ணீர் வைக்க வேண்டும் என்கிறார்களே, அது அவசியமா?

பதில் 3:
ஒரு கைப்பிடி இலை மட்டும் வைப்பதானால் அவசியம்தான். இலையின் ஈரம் வற்றிய பிறகு அலைகளை உறிஞ்ச வேறு நீர் இல்லாததால், இலை பொறி பறந்து தீப்பிடிக்கலாம். ஓரத்தில் ஒரு சிறு கிண்ணம் தண்ணீர் இருந்தால் அந்த ஆபத்து குறையும். உலர்வதற்குச் சற்றுக் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான். செய்தித்தாளைப் பரப்பாதீர்கள், அடுப்பை விட்டு நகரவும் வேண்டாம். தீப்பிடித்தால் கதவைத் திறக்காமல் மின்சாரத்தை நிறுத்துங்கள்.