எதிர்ப்பியை எதிர்ப்பதற்கு ஒரு சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

பதினோராம் வகுப்புத் துணைப்பாடம் ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும். பாடம் டெய்க்ஸோபாக்டின் என்னும் ஆன்டிபயாடிக்கைப் பற்றியது. ஆய்வகத் தட்டில் வளர மறுக்கும் மண் பாக்டீரியாக்களை ஐசிப் என்னும் கருவியின் நுண்துளைகளில் ஒவ்வொன்றாக அடைத்து, இருபுறமும் சவ்வால் மூடி, மீண்டும் மண்ணிலேயே வைத்து வளர்த்து, அவற்றுள் ஒன்றிலிருந்து பிரித்தெடுத்த சேர்மம் அது. அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிம் லூயிஸ் உள்ளிட்ட குழுவினர் 2015இல் அறிவித்தனர். ஆன்டிபயாடிக்கை 'நுண்ணுயிர் எதிர்ப்பி' என்று எழுதிவிட்டேன். கிருமி அதற்குப் பணியாமற்போவதைச் சொல்ல வரும்போது 'நுண்ணுயிர் எதிர்ப்பி எதிர்ப்பு' என்றாகிறது. வகுப்பில் வாசித்தபோது, யார் யாரை எதிர்க்கிறார்கள் என்று ஒரு மாணவி கேட்டுவிட்டாள்.

மறுமொழி:

அம்மா, மாணவியின் ஐயம் நேரியது. நுண்ணுயிரை எதிர்ப்பது என விரித்தால் இரண்டாம் வேற்றுமைத் தொகை. நுண்ணுயிராகிய எதிர்ப்பி எனவும் விரிக்க இடமுண்டு. சிலர் எழுதும் 'நுண்ணுயிர்க்கொல்லி'யில் அக்குழப்பம் இல்லை. ஆயினும் இரண்டாம் வேற்றுமைத் தொகையில் பொதுவாக வலி மிகாது என்பதால் 'உயிர்கொல்லி' போல 'நுண்ணுயிர்கொல்லி' என்பதே முறை. பூச்சிக்கொல்லியில் மட்டும் ககரம் ஏன் மிகுந்தது என்பது என் நெடுநாள் ஐயம். பணியாமைக்கு 'மருந்தடங்காமை' எனலாம். அடங்காமை வள்ளுவர் ஆண்ட சொல்.

மறுமொழி:

புலவர் ஐயா பொறுத்தருள வேண்டும். நுண்ணுயிரியல் கற்பிப்பவள் என்ற முறையில் இரண்டையும் மறுக்கிறேன். டெட்ராசைக்ளின் பெரும்பாலும் கொல்வதில்லை. புரத உருவாக்கத்தைத் தடுத்துக் கிருமியைப் பெருகவிடாமல் நிறுத்துகிறது, எஞ்சியதை உடல் பார்த்துக்கொள்கிறது. ஆகவே 'கொல்லி' இத்தகைய மருந்துகளுக்குப் பொருந்தாது. அடங்காமையோ ஒழுக்கக் குறை. பாக்டீரியா செய்வது ஒழுங்கான தொழில்: மருந்தை நொதியால் வெட்டுகிறது, உள்ளே வந்ததை வெளியே இறைக்கிறது, அல்லது மருந்து பற்றும் இடத்தையே மாற்றிக்கொள்கிறது. டெய்க்ஸோபாக்டின் பற்றுவது புரதத்தை அன்று, செல்சுவர் கட்டப் பயன்படும் கொழுப்பு மூலக்கூறை. ஒரு மரபணுத் திரிபால் அதை எளிதில் மாற்ற இயலாது. 'டெய்க்ஸோபாக்டினைத் தாக்குப்பிடிக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியாத் திரிபு அந்த ஆய்வில் கிடைக்கவில்லை' என்ற வாக்கியத்தில் உங்கள் சொல்லை வைத்துப் பாருங்கள். வினையாக வளையாத சொல் வகுப்பறையில் நிற்காது.

மறுமொழி:

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. ஐவர் 'மருந்துத் தாக்குப்பிடிப்பு' என்றும், இருவர் நாளிதழ்களில் பழகிய 'மருந்து எதிர்ப்பு' போதும் என்றும் எழுதியுள்ளீர்கள். முன்னதை இட்டு, பின்னதை அடிக்குறிப்பில் சேர்த்து அனுப்புகிறேன்.

மறுமொழி:

என் மறுப்பையும் பதிந்துகொள்க. பேச்சுவழக்கைப் பாடநூலில் ஏற்றுவதற்கு நான் உடன்படவில்லை. பூச்சிக்கொல்லியின் ககரத்துக்கு இதுவரை எவரும் விடை தரவில்லை.