மறு: டாஸ்க் லைட்டிங் – 'கைவெளிச்சம்' எனலாமா?

அனைவருக்கும் வணக்கம். அறை முழுவதற்கும் அல்லாமல், நாம் ஏதாவது செய்யும் இடத்தில் மட்டும் வெளிச்சம் விழும்படி விளக்கு வைப்பதுதான் டாஸ்க் லைட்டிங். அதற்கான தமிழ்ச் சொல் குறித்து முந்தைய மடலில் வந்த யோசனை இது:

> 'பணியொளி' என்றே வைத்துக்கொள்வோம், சுருக்கமாக இருக்கிறது.

எனக்கு இதில் உடன்பாடில்லை. பணி என்றதும் இன்றைக்கு உத்தியோகம்தான் நினைவுக்கு வருகிறது, பணி நியமனம், பணி ஓய்வு என்று. கட்டிலில் சாய்ந்து கதைப் புத்தகம் படிக்கிறவருக்குத் தலைமாட்டில் வைக்கும் விளக்கும் இந்த வகைதான், அதை யார் பணி என்பார்கள்?

அதைவிட முக்கியம், ஒளியா வெளிச்சமா என்பது. விளக்கிலிருந்து புறப்படுவது ஒளி, ஓர் இடத்தில் வந்து விழுவது வெளிச்சம். "வெளிச்சத்தை மறைக்காதே, தள்ளி நில்" என்றுதான் வீட்டில் சொல்கிறோம், ஒளியை மறைக்காதே என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அளவைகளும் இப்படித்தான் பிரிகின்றன: விளக்கு மொத்தமாகத் தரும் ஒளிக்கு லூமன், அது ஒரு பரப்பில் விழுவதற்கு லக்ஸ். 1 சதுர மீட்டரில் 1 லூமன் விழுந்தால் 1 லக்ஸ். பேச்சில் ஏற்கெனவே இருக்கும் இந்த வேறுபாட்டைக் கலைச்சொல்லில் நாமே அழித்துவிடக் கூடாது.

இது எனக்கு உறைத்தது கும்பகோணத்தில் எங்கள் பழைய வீட்டைப் புதுப்பித்தபோதுதான். தேக்கு உத்திரமும் சுண்ணாம்புச் சுவருமாக, மரச் சட்டங்கள்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டும் மெட்ராஸ் டெரஸ் கூரை போட்ட வீடு. சமையலறையில் ஒரே ஒரு டியூப்லைட், அதுவும் மேடைக்கு எதிர்ச் சுவரில், நிற்பவர் முதுகுக்குப் பின்னால். அம்மா காய் நறுக்கினால் அவர் நிழலே பலகைமேல் விழும். அதைக் கழற்றிவிட்டு 20 வாட் எல்.இ.டி. பட்டை போட்டோம், சுமார் 2000 லூமன், அறை பளிச்சென்று ஆனது, ஆனால் நிழல் அதே இடத்தில்தான் இருந்தது. அப்புறம் மேடைக்கு மேலே இருந்த அலமாரிப் பலகையின் அடியில் 12 வோல்ட் எல்.இ.டி. ஸ்ட்ரிப் ஒன்றை ஒட்டினோம், முன்விளிம்பு ஓரமாக, பல்பு கண்ணில் படாதபடி. சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தினால் பொலபொலவென்று உதிரும் என்பதால் வயரைச் சுவருக்குள் விடாமல், சுவர்மேல் பொருத்தும் உறையான கேசிங்கில் கொண்டுபோனோம். வந்த எலக்ட்ரீஷியனிடம் நான் சொன்னது, "வெளிச்சம் கைமேல விழணும்." அவருக்கு வேறு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

அதனால்தான் 'கைவெளிச்சம்' என்கிறேன். கைவிளக்கோடு குழம்பாதா என்று கேட்கலாம். கைவிளக்கு கையில் பிடிக்கும் பொருள், கைவெளிச்சம் கைமேல் விழுவது, இரண்டாம் பாதியே வேறுபடுத்திவிடுகிறது. நறுக்குவது, தைப்பது, எழுதுவது, புத்தகத்தைப் பிடித்துப் படிப்பது, எல்லாம் கை இருக்கும் இடம்தான். அந்தக் காலத்தில் சுவரில் விளக்குப் பிறை வைத்ததும் தேவையான இடத்துக்குப் பக்கத்தில் விளக்கு இருக்கட்டும் என்றுதானே.

ஒரே ஓட்டை, கண்ணாடி முன்னால் நிற்பது. அங்கே வெளிச்சம் வேண்டியது முகத்துக்கு. அதற்கு 'முகவெளிச்சம்' என்று தனிச்சொல்லே வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் அதன் அமைப்பும் வேறு. தலைக்கு நேர்மேலே விளக்கு இருந்தால் கண்ணுக்கடியிலும் மோவாய்க்கடியிலும் நிழல் விழும், கண்ணாடியின் இரு பக்கமும் முக உயரத்தில் வைக்க வேண்டும்.

அறை முழுவதற்கும் ஆவது 'பொது வெளிச்சம்', இதில் சண்டை போட ஒன்றுமில்லை. முற்றத்துத் தூண் போல ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டும் வகைக்கு 'எடுப்பு வெளிச்சம்' என்று தோன்றுகிறது, எடுப்பாகத் தெரிகிறது என்கிறோமே, அந்தப் பொருளில்.

விளக்கொளி மஞ்சளா வெள்ளையா என்பதைக் கெல்வின் எண்ணில் சொல்லும் கலர் டெம்பரேச்சரை 'நிற வெப்பநிலை' என்பதுதான் எனக்கு இன்னும் இடிக்கிறது. 2700 கெல்வின் மஞ்சளாக இதமாக இருக்கிறது, 6500 கெல்வின் நீலம் கலந்த வெள்ளையாகக் குளிர்ந்து தெரிகிறது, எண் கூடக்கூடக் குளிர்ச்சி என்றால் கடையில் பல்பு வாங்குகிறவர் வெப்பநிலை என்ற சொல்லை வைத்து என்ன புரிந்துகொள்வார்? வெறும் 'ஒளிநிறம்' போதாதா? இது விளக்கின் குணம், எனவே இங்கே ஒளிதான் சரி. இயற்பியல் படித்தவர்கள் இதற்கு மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.