அப்பாவின் 112 கேசட், 'ட்ராக் 01 புதுசு', தேடிக் கிடைக்காத முத்துப்பட்டன்: எப்படி அடுக்குவது?

தேரிமகள்:

சாத்தான்குளம் பக்கம் எங்கள் ஊர். அப்பா தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1982 முதல் 1998 வரை சுற்றுவட்டாரத்தில் எந்தச் சாமிக்குக் கொடை (கோயில் விழா) என்றாலும் டேப்ரெக்கார்டரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்விடுவார். வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, விடிய விடிய மகுடம் என்ற பறையின் சத்தம், எல்லாம் பதிவு செய்வார். மொத்தம் 112 கேசட்.

அப்பா போய் நாலு வருசம் ஆகிறது. போன கோடையில் 64 கேசட்டைக் கணினியில் ஏற்றினேன், எல்லாம் எம்பி3. அப்போது பெயர் வைக்கப் பொறுமை இல்லை. 'ட்ராக் 01', 'ட்ராக் 01 புதுசு', 'சுடலை பாதி', 'அப்பா குரல்?' என்று கிடக்கின்றன. 'கோயில்' ஃபோல்டருக்குள் இன்னொரு 'கோயில்'. மூன்று ஹார்ட் டிஸ்க்கில் எது முதலில் ஏற்றியது, எது நகல் என்று எனக்கே தெரியவில்லை. போதாததற்கு வீட்டில் எல்லார் போனிலிருந்தும் இறக்கிய 23,000 படங்களும் அங்கேயேதான்.

போன வாரம் அம்மா கேட்டாள்: "ஏட்டி, அப்பா எடுத்த முத்துப்பட்டன் கதை இருக்குல்லா, அதைக் கொஞ்சம் போடேன்." இரண்டு மணி நேரம் தேடினேன், கிடைக்கவில்லை. "சரி விடு, இன்னொரு நாள் கேப்போம்" என்று அம்மா எழுந்து போனது மனசில் அப்படியே நிற்கிறது.

கதைவாரியாகப் பிரிப்பதா, ஊர்வாரியாகவா, வருசவாரியாகவா? ஒரே கேசட்டில் முதல் பக்கம் சுடலைமாடன் கதை, மறுபக்கம் பாதியில் அக்காவின் காதுகுத்து. இதை எந்த ஃபோல்டரில் போடுவது?

ஒலிப்பேழை:

மகளே, முதலில் எதையும் நகர்த்தாதீர்கள், அழிக்காதீர்கள். மூன்று டிஸ்க்கையும் அப்படியே ஒரு புது டிஸ்க்கில் நகலெடுத்து அலமாரியில் வைத்துவிடுங்கள். குழப்பத்தோடேயே இருக்கட்டும். அடுக்கும்போது கை தவறினால் திரும்பிப் போக ஓர் இடம் வேண்டும்.

நான் 18 வருடம் ஒலிநாடாக்களோடு வேலை செய்தவன். ஆரம்பத்தில் நானும் கதைவாரியாகத்தான் பிரித்தேன். ஒரே இரவில் நடந்த கூத்தின் ஆறு கேசட் மூன்று ஃபோல்டருக்குச் சிதறிப் போனது. எதற்கு அடுத்து எது என்று மறுபடி கோர்க்க, ஒவ்வொன்றின் கடைசி அடியையும் அடுத்ததன் முதல் அடியையும் கேட்டுக் கேட்டு மூன்று மாதம் ஆயிற்று. அந்த வலியிலிருந்து சொல்கிறேன்: கேசட்தான் அலகு. கதை இல்லை, ஊர் இல்லை, வருசமும் இல்லை.

112 கேசட்டுக்கும் 001 முதல் 112 வரை எண் போட்டு, கூட்டின் மீதே மறையாத பேனாவால் எழுதுங்கள். எந்த வரிசையானாலும் சரி, ஒரு தடவை கொடுத்த எண்ணை மாற்றக் கூடாது. 7 என்று எழுதாமல் 007 என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் சில கருவிகளில் 10 வந்து 2-க்கு முன்னால் நிற்கும். கோப்பின் பெயர் எண்ணும் பக்கமும் மட்டும்: 017-1, 017-2. தேதி உறுதியாகத் தெரிந்தால் 017-1_1986-08-12 என வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் சேருங்கள், தானாகவே கால வரிசையில் நிற்கும். தெரியாவிட்டால் ஊகித்து எழுத வேண்டாம்.

கதை, ஊர், சாமி, பாடிய புலவர், கொடை நடந்த மாதம் எல்லாம் ஒரு எக்செல் தாளில். காதுகுத்தும் அங்கேதான்: "017-2, 21-ஆவது நிமிடம் முதல் அக்கா காதுகுத்து." தேட வேண்டியது தாளில், டிஸ்க்கில் இல்லை.

இனி ஏற்றுவதை எம்பி3 போலச் சுருக்காத வேவ் கோப்பாக ஏற்றுங்கள். ஒலிக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமான ஐயாசா, பதிவின் தரம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டுக்குக் குறையக் கூடாது என்கிறது. ஸ்டீரியோவில் 60 நிமிடக் கேசட்டுக்கு ஏறத்தாழ 1 ஜிபி ஆகும். உங்களிடம் இருக்கும் அத்தனையும் ஒரே டிஸ்க்கில் அடங்கிவிடும். எம்பி3 அம்மா கேட்பதற்கு, அசலாக வைப்பதற்கு வேவ். கேசட்டைப் போடுமுன் அதன் முதுகில் இரு மூலையிலும் இருக்கும் சிறு பிளாஸ்டிக் காதுகளை உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்டு பொத்தானை அழுத்தினாலும் அழியாது.

அட்டையில் அப்பா எழுதியிருப்பாரே, அதை இரு பக்கமும் படமெடுத்து அதே எண்ணில் வையுங்கள். இதெல்லாம் மெதுவாக நடக்கட்டும். அம்மாவோடு உட்காருவது மட்டும் இன்றே நடக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு நிமிடம் போட்டுக் காட்டி, அவர்கள் சொல்வதை அப்படியே தாளில் எழுதுங்கள். எந்த ஊர்க் கொடை, யார் குரல் என்பது இப்போது அவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

நாகர்கோவில்காரன்:

படங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன் அக்கா. விண்டோஸ் காட்டும் 'உருவாக்கிய தேதி'யை நம்பாதீர்கள், நகலெடுத்தால் அது நகலெடுத்த நாளாக மாறிவிடும். எடுத்த தேதி படத்துக்குள்ளேயே எக்ஸிஃப் என்ற குறிப்பில் இருக்கும். எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவி அதைப் படித்து வருடம், மாதம் வாரியாக ஃபோல்டர் போட்டுத் தரும். வாட்ஸ்அப்பில் படமாக வந்தவற்றில் அந்தக் குறிப்பு இருக்காது. பெயரில் உள்ள தேதியும் அனுப்பிய நாள்தான், எடுத்த நாள் இல்லை. அவற்றைத் தனி ஃபோல்டரில் ஒதுக்குங்கள்.

ஒரே மாதிரிப் படங்களை டிஜிகாம் என்ற மென்பொருள் தேடிக் கொடுக்கும். அதில் பெரிய கோப்பை வைத்துக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப் வழி வந்தது பெரும்பாலும் சுருங்கியிருக்கும். ஆனால் 23,000-ஐ இப்போது தொடாதீர்கள். பேரன் படம் இன்னும் பத்து வருசம் காத்திருக்கும், கேசட் நாடா காத்திருக்காது.

எழுத்துருப்பித்தன்:

ஒலிப்பேழை ஐயா பெயரில் எண்ணை மட்டும் வைக்கச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 'கொடை' என்பதில் உள்ள கொ, கணினி எழுத்துகளுக்கான குறியீட்டு முறையான யூனிகோடில் இரண்டு விதமாகப் பதிவாகலாம்: ஒற்றைக் குறியாக, அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக. பழைய மேக் கணினிகள் கோப்புப் பெயர்களைப் பிரித்தே வைக்கும். கண்ணுக்கு ஒன்றுதான், தேடினால் கிடைக்காமல் போகலாம். லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட் எல்லை. தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், 'மு' என்ற ஓர் எழுத்துக்கே 6 போய்விடும். நீளமாகப் பெயர் வைத்தால் நகலெடுக்கும்போது பாதியில் நிற்கும். தமிழை நீங்கள் தாளில் தாராளமாக எழுதலாம்.

தேரிமகள்:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். 112-க்கும் எண் போட்டாயிற்று. ஒரு முழு நகல் சேலத்தில் அண்ணன் வீட்டில் இருக்கிறது.

அம்மாவோடு தினமும் சாயங்காலம் உட்கார்ந்தோம். இரண்டு நிமிடம் என்று ஆரம்பித்தால் ஒரு பக்கம் முழுக்க ஓடிவிடும். குடம் தட்டும் சத்தத்தை வைத்தே "இது இன்ன ஊர் ஆளு" என்கிறாள். 038-ஆம் கேசட்டில் பின்னணியில் ஒரு குழந்தை அழுகிறது. அது நான்தானாம், எனக்கு ஒன்றரை வயசு. கொடைக்கு என்னையும் தூக்கிப் போயிருக்கிறார்கள். அதை வைத்துத்தான் அந்தக் கேசட்டின் வருசமே தெரிந்தது.

முத்துப்பட்டன் 'ட்ராக் 01 புதுசு'தான். இப்போது அது 070-1, 070-2. பொம்மக்கா, திம்மக்கா வரும் இடம் வரை இருக்கிறது, அதற்குமேல் கதை அடுத்த கேசட்டுக்குப் போகிறது. அட்டையில் அப்பா 'தொடர்ச்சி' என்று எழுதிய 071, நான் இன்னும் ஏற்றாதது. நாடாவை அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சு அதில் உதிர்ந்துவிட்டது, போட்டால் சத்தம் மங்கி மங்கி வருகிறது. என்ன செய்வது ஐயா?

ஒலிப்பேழை:

இனி அதை ஓட்ட வேண்டாம். கூட்டில் ஐந்து திருகாணி இருக்கிறதா, ஒட்டிய கூடா என்று பாருங்கள். திருகாணி என்றால் வேலை எளிது: அதே அளவில் நல்ல நிலையில் உள்ள வெற்றுக் கேசட் ஒன்றைத் திறந்து, அதன் நாடாவை எடுத்துவிட்டு உங்கள் இரண்டு சுருளையும் அப்படியே தூக்கி உள்ளே வைக்கலாம். ஒட்டிய கூடாக இருந்தால் நீங்களாக உடைக்காதீர்கள், படம் எடுத்துப் போடுங்கள். முதலில் ஒரு வேண்டாத கேசட்டில் செய்து பழகிக்கொண்டு 071-ஐத் தொடுங்கள்.